மோட்டார்ஹோமுக்கு குட்பை, கூடாரத்துக்கு வெல்கம்: நாய்களோடு கேம்பிங் போனால் என்னவெல்லாம் மாறும்?

‘கேரவன்’ என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் நட்சத்திரங்களின் ஓய்வு வண்டிதான். பிரிட்டனில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. அங்கே அது சாதாரண குடும்பங்களின் விடுமுறை வீடு. காரின் பின்னால் கட்டி இழுத்துப் போனால் கேரவன். இன்ஜினும் ஸ்டியரிங்கும் அதிலேயே இருந்தால் மோட்டார்ஹோம். கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

நாய் வளர்ப்பவர்களுக்கு இது பெரிய வசதி. எல்லா ஹோட்டலும் நாயை உள்ளே விடாது. காப்பகத்தில் விட்டுவிட்டுப் போக மனசு வராது. மோட்டார்ஹோம் என்றால் நாயும் கூடவே வரும், தெரிந்த இடத்தில், தெரிந்த மெத்தையில் தூங்கும்.

ஆனால் ஒரு கட்டத்தில் அந்த வண்டியைக் கொடுத்துவிட வேண்டிய நிலை பலருக்கு வருகிறது. வயது, லைசென்ஸ், செலவு என்று காரணங்கள் பல. வண்டி போய்விடும், நாய்கள் இருக்கும். அப்போது பலர் யோசிக்கும் வழிதான் கூடாரம்.

இது வெறும் வசதிக்குறைவு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. பூட்டும் கதவுள்ள ஓர் இடத்திலிருந்து, ஜிப் மட்டுமே உள்ள ஓர் இடத்துக்கு நாயைக் கொண்டு போகிறோம். கவனக்குறைவாக இருந்தால் நாயின் உயிருக்கும், சில சமயம் நம் உயிருக்கும்கூட ஆபத்து. என்னென்ன மாறும், எப்படித் தயாராவது? விரிவாகப் பார்க்கலாம்.

மோட்டார்ஹோமை ஏன் விடுகிறார்கள்?

முதல் காரணம், லைசென்ஸ். பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்கு முன் கார் ஓட்டும் தேர்வில் தேறியவர்களுக்கு 7,500 கிலோ வரையிலான வண்டியை ஓட்டும் உரிமை அதோடு சேர்ந்தே கிடைத்தது. அதற்குப் பிறகு தேறியவர்களுக்கு சாதாரண கார் லைசென்ஸில் பொதுவாக 3,500 கிலோதான் வரம்பு. பழைய உரிமை உள்ளவர்களும் 70 வயதானால் அதைத் தக்கவைக்க மருத்துவப் பரிசோதனை அறிக்கை கொடுக்க வேண்டும். கண் பார்வையிலோ இதயத்திலோ பிரச்னை என்றால் பெரிய வண்டியை விட்டுவிட வேண்டியதுதான்.

3,500 கிலோ என்பது கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனால் அது வண்டியின் எடை மட்டும் அல்ல. ஆட்கள், சாமான், தண்ணீர், நாய்கள் எல்லாம் சேர்த்து. 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ. இரண்டு லேப்ரடார் ஏறினால் இன்னொரு 60 கிலோ.

இரண்டாவது, புகை விதிகள். லண்டனின் ‘யூலெஸ்’ எனப்படும் மிகக் குறைந்த புகை மண்டலம் 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தரத்துக்கு உட்படாத பழைய டீசல் மோட்டார்ஹோம் 3,500 கிலோவுக்குள் இருந்தாலும், மண்டலத்துக்குள் ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்டணும். வீடு மண்டலத்துக்கு உள்ளேயே இருந்தால் ஊருக்குக் கிளம்பும் நாளும் கட்டணம், திரும்பி வரும் நாளும் கட்டணம்.

மூன்றாவது, பராமரிப்பு. வருஷத்தில் சில வாரம் மட்டுமே ஓடும் வண்டிக்கு இன்சூரன்ஸ், சாலை வரி, தகுதிச் சோதனை, கேஸ் மற்றும் மின் இணைப்புப் பரிசோதனை, நிறுத்திவைக்க வாடகை எல்லாம் உண்டு. ஈரம் உள்ளே இறங்கினால் சுவரே உளுத்துப்போகும்.

நான்காவது காரணத்தைச் சிலர்தான் வெளிப்படையாகச் சொல்வார்கள். கார்ன்வால், வேல்ஸ் போன்ற இடங்களில் கிராமத்துச் சாலைகள் மிகக் குறுகல். எதிரே ஒரு வண்டி வந்தாலே பின்னால் எடுக்க வேண்டும். வயதாக ஆக அது பயமாகிவிடும். கூடாரம் என்றால் சாதாரண காரிலேயே போய்விடலாம்.

கூடாரத்தில் இல்லாதது என்ன?

கட்டிலும் ஃப்ரிட்ஜும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நாய் வைத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு, கதவு.

மோட்டார்ஹோமில் நாயை உள்ளே விட்டு, கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிஷம் குளித்துவிட்டு வரலாம். கூடாரத்தில் அது முடியாது. ஜிப்பை மூக்கால் தள்ளித் திறக்கும் நாய்கள் உண்டு. கொசுவலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் நாய்கள் அதைவிட அதிகம். நாயைத் தனியாக விடக்கூடாது என்பது பெரும்பாலான கேம்ப்சைட்களில் எழுதிவைத்த விதியும்கூட.

அதனால் அன்றாட வேலை எல்லாமே ‘ஷிஃப்ட்’ முறைக்கு மாறும். ஒருவர் குளிக்கப் போனால் இன்னொருவர் நாயோடு இருக்கணும். கடைக்குப் போனாலும், பாத்திரம் கழுவப் போனாலும் அப்படித்தான். தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு இது உண்மையிலேயே கஷ்டம். சிலர் சின்ன டாய்லெட் கூடாரமும் போர்ட்டபிள் டாய்லெட்டும் கூடவே எடுத்துப் போவதற்கு இதுதான் காரணம்.

உணவும் மாறும். ஃப்ரிட்ஜ் இல்லாததால், பச்சை இறைச்சி சாப்பிட்டுப் பழகிய நாய்க்கு ஐஸ் பாக்ஸை நம்பி ஒரு வாரம் ஓட்ட முடியாது. உலர் உணவுக்கு மாற்றுவதாக இருந்தால் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்துப் பழக்கணும். திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். கூடாரத்துக்குள் நடுராத்திரி நாய்க்கு வயிற்றுப்போக்கு என்றால், மற்றதைச் சொல்லவே வேண்டாம்.

எந்த மாதிரி கூடாரம் வாங்குவது?

‘4 பேர் கூடாரம்’ என்று பெட்டியில் போட்டிருந்தால், 4 பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம் என்று அர்த்தம். இரண்டு பேர், இரண்டு நாய் என்றால் 4 அல்லது 5 பேர் அளவு தேவைப்படும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• தனி முன்னறை: ஈரமான நாயை நேராகப் படுக்கை அறைக்குள் விட்டால் அன்று ராத்திரி தூக்கம் போச்சு. துடைத்து, உலர்த்தி, பிறகு உள்ளே அனுப்ப ஒரு முன்பகுதி கட்டாயம் வேண்டும்.

• தைத்த தரை: தரைவிரிப்பு சுவரோடு சேர்த்துத் தைத்திருந்தால் நாய் கீழ்வழியாக நழுவ முடியாது. மழைத் தண்ணீரும் எளிதில் வராது. நகம் படாமல் இருக்க மேலே ஒரு பழைய கம்பளம் போதும்.

• தண்ணீர் தாங்கும் அளவு: துணி எத்தனை மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். 1,500 மி.மீ. இருந்தால் நீர்புகாது என்பது பொதுவான கணக்கு. குடும்பக் கூடாரங்களில் 3,000 மி.மீ., அதற்கு மேலும் கிடைக்கும். பிரிட்டன் மழைக்கு இரண்டாவதுதான் நிம்மதி.

• நிமிர்ந்து நிற்கும் உயரம்: மோட்டார்ஹோமில் பழகியவர்களுக்குக் குனிந்து குனிந்து நடப்பது இரண்டாவது நாளே இடுப்பைப் பிடித்துவிடும்.

கம்பிக்குப் பதில் காற்றடிக்கும் கூடாரங்களும் உண்டு. பம்ப் வைத்து அடித்தால் சில நிமிஷத்தில் எழுந்து நிற்கும். ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவரே தனியாகப் போட்டுவிடலாம். ஆனால் எடை அதிகம், 20 கிலோவைத் தாண்டுவது சகஜம். கார் டிக்கியிலிருந்து அதைத் தூக்க முடியுமா என்று கடையிலேயே தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம். கூடாரத்தின் இழுகயிறுகளில் நாயைக் கட்டவே கூடாது. ஒரு முயல் ஓடினால் போதும், நாயோடு சேர்ந்து கூடாரமும் கிளம்பிவிடும். மண்ணில் திருகி இறக்கும் தனி முளை கிடைக்கிறது. அதைக் கூடாரத்தில் இருந்து தள்ளி அடிக்கணும். கட்டிய கயிறு பக்கத்துக்காரர் இடம் வரை எட்டக் கூடாது.

நாய்க்கு குளிராதா?

குளிரும். ‘அதுக்குத்தான் ரோமம் இருக்கே’ என்று விட்டுவிடக் கூடாது. பிரிட்டனில் கோடைக்காலத்திலேயே மலைப்பகுதிகளில் ராத்திரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும். மோட்டார்ஹோமில் கேஸ் ஹீட்டர் இருந்தது. கூடாரத்தில் குளிர் காற்றில் இருந்து மட்டுமல்ல, தரையில் இருந்தும் ஏறும்.

அதனால் போர்வையைவிட முக்கியம், அடியில் போடுவது. நாயின் படுக்கைக்குக் கீழே ஒரு ஃபோம் பாய் போட்டாலே பாதிக் குளிர் போய்விடும். கால் வைத்த உயரமான நாய்க் கட்டில்களும் கிடைக்கின்றன. அதிலும் மேலே தடித்த விரிப்பு வேண்டும். இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் குளிர் காற்று ஓடும்.

விப்பெட், கிரேஹவுண்ட் மாதிரி ஒல்லியான, ரோமம் குறைந்த நாய்களுக்கு ராத்திரி கோட்டு தேவை. வயதான நாய்க்கு மூட்டுவலி இருந்தால் ஈரமும் குளிரும் அதை அதிகமாக்கும். நாய் நடுங்கினாலோ, சுருண்டு படுத்து எழ மறுத்தாலோ காத்திருக்காமல் உங்கள் போர்வைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. காற்றடிக்கும் மெத்தையும் நாய் நகமும் ஒத்துப்போகாது. மடக்குக் கட்டிலோ, உள்ளே ஃபோம் உள்ள மெத்தையோ பாதுகாப்பு. முட்டிவலி உள்ளவர்களுக்குத் தரையில் இருந்து எழுவதைவிட கட்டிலில் இருந்து எழுவது ஈஸி.

குரைத்தால் என்ன செய்வது?

கேம்ப்சைட்டில் பக்கத்துக்காரரோடு சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். மோட்டார்ஹோம் சுவர் சத்தத்தை ஓரளவு தடுக்கும். கூடாரத் துணி தடுக்காது. ராத்திரி 2 மணிக்கு யாரோ டார்ச் அடித்துக்கொண்டு டாய்லெட்டுக்குப் போனால், அந்தக் காலடிச் சத்தம் நாயின் காதுக்கு ஒரு அடி தூரத்தில் கேட்கும். நிழல் வேறு துணியில் ஆடும். காவல் காக்கும் குணமுள்ள நாய் குரைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்குத் தயாரிப்பு வீட்டிலேயே தொடங்கணும்.

முதல் கட்டம், தோட்டத்தில் கூடாரம் போட்டு, பகலில் அதற்குள் நாய்க்குச் சாப்பாடு கொடுங்கள். துணி காற்றில் படபடக்கும் சத்தம் பழகட்டும். இரண்டாவது கட்டம், அதற்குள்ளேயே மதியத் தூக்கம். மூன்றாவது கட்டம், ஒரு முழு ராத்திரி. வீட்டில் நாய் படுக்கும் அதே பழைய மெத்தையைக் கொண்டு போனால் வாசனை தெரிந்து சீக்கிரம் அடங்கும்.

நான்காவது கட்டம்தான் முதல் பயணம். ஒரு மணி நேரத்தில் வீடு திரும்பும் தூரத்தில், ஒரே ஒரு ராத்திரி போதும். ஒத்துவரவில்லை என்றால் நடுராத்திரியே மூட்டை கட்டிவிடலாம். மோட்டார்ஹோமை விற்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம். விற்ற பிறகு நாய்க்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் திரும்பி வாங்க முடியாது.

இடம் தேர்ந்தெடுப்பதிலும் பாதி பிரச்னை தீரும். டாய்லெட், குழாயடி, நுழைவாயில் பக்கம் வேண்டாம். வேலியோரம், மூலை இடமாகக் கேளுங்கள். ஒரு பக்கமாவது ஆள் நடமாட்டம் இருக்காது.

வெயில் அடித்தால்?

குளிரைவிட வேகமாக நாயைக் கொல்வது வெயில். கூடாரத்துக்குள் காலை வெயில் விழ ஆரம்பித்தால் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக முடியாது.

‘கூடாரத்தில் விட முடியாது, காரில் விட்டுட்டுப் போறேன்’ என்று நினைப்பது இன்னும் ஆபத்து. வெளியே 22 டிகிரி இருந்தாலே, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறலாம் என்று பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. எச்சரிக்கிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்பதும் தவறு.

மரநிழல் உள்ள இடம், எப்போதும் தண்ணீர், மதியம் நடைக்குப் போகாமல் இருப்பது: இந்த மூன்றும் கட்டாயம். நாய் விடாமல் மூச்சிரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக் குளிர்வித்து, கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

கூடாரத்துக்குள் அடுப்பு: ஏன் கூடவே கூடாது?

மோட்டார்ஹோமில் பழகியவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு இது. அந்த வண்டியில் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் தனி காற்றோட்ட வழிகள் வைத்தே கட்டியிருப்பார்கள். கூடாரத்தில் அது கிடையாது.

கரி, கேஸ், விறகு எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், பிறகு தூக்கம் மாதிரியே நினைவிழப்பு. பிரிட்டனில் கூடாரத்துக்குள் பார்பிக்யூ தட்டைக் கொண்டுபோய் வைத்ததால் குடும்பங்கள் உயிரிழந்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. தீ அணைந்துவிட்டது, சூடு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து உள்ளே எடுத்துப் போவதுதான் பொறி. ஆறிக்கொண்டிருக்கும் கரியும் பல மணி நேரம் அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும்.

மழை பெய்தாலும் சரி, நாய் நடுங்கினாலும் சரி, எரியும் எதுவும் உள்ளே வேண்டாம். சூடு வேண்டுமென்றால் மின் இணைப்புள்ள இடமாகப் பதிவு செய்யுங்கள். பிரிட்டன் கேம்ப்சைட்களில் நீல நிற பிளக் கொண்ட 230 வோல்ட் இணைப்பு கிடைக்கும். கூடாரத்துக்கென்று பாதுகாப்பு ஸ்விட்ச் உள்ள தனி கேபிள் பெட்டி விற்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டிவைப்பது நல்லதுதான். ஆனால் அலாரம் இருக்கிறதே என்று அடுப்பை உள்ளே கொண்டுவரக் கூடாது.

இன்னொரு சின்னத் தகவல். மிகக் குளிரான ராத்திரிகளில் பியூட்டேன் கேஸ் சிலிண்டர் சரியாக எரியாது. 0 டிகிரியை நெருங்கினால் அது வாயுவாக மாறுவதே நின்றுவிடும். புரோபேனுக்கு அந்தப் பிரச்னை இல்லை.

எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாமா?

முடியாது. பிரிட்டனுக்குள்ளேயே பகுதிக்குப் பகுதி சட்டம் வேறு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கூடாரம் போட உரிமை கிடையாது. இதற்கு விதிவிலக்கு, தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் தேசியப் பூங்கா. அங்கே பொதுமக்கள் அனுமதி கேட்காமல் தங்கும் வழக்கத்தை எதிர்த்து நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டில் அது மாறியது. 2025 மே மாதம் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், 1985-ம் ஆண்டின் டார்ட்மூர் சட்டப்படி மக்களுக்கு அந்த உரிமை உண்டு என்று உறுதி செய்தது.

ஸ்காட்லாந்தில் கதை வேறு. 2003-ம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்பாக நடந்துகொண்டால் திறந்தவெளிகளில் கூடாரம் போட்டுத் தங்க அனுமதிக்கிறது. கவனிக்க வேண்டியது, இந்த உரிமை கூடாரத்துக்குத்தான், மோட்டார் வாகனத்துக்கு இல்லை. அதாவது, மோட்டார்ஹோமை விட்டதால் இழப்பு மட்டுமல்ல, ஒரு உரிமை புதிதாகக் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் லாக் லோமண்ட் ஏரிக் கரையின் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை பெர்மிட் கட்டாயம்.

முதல் தடவை போகிறவர்களுக்கு வேலி போட்ட, முறையான கேம்ப்சைட்தான் சரி. இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல், சில நிபந்தனைகளோடு விவசாயிகள் தங்கள் வயலில் ஆண்டுக்கு 60 நாள் வரை தனித் திட்ட அனுமதி இல்லாமலே கேம்ப்சைட் நடத்தலாம். 50 இடங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். கோடையில் இப்படிப்பட்ட சின்னச் சின்ன இடங்கள் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய மோட்டார்ஹோம் கிளப் உறுப்பினர் அட்டை இருந்தால், புக் செய்யும் முன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சில கிளப் இடங்களில் கூடாரத்துக்கு அனுமதி இல்லை. எத்தனை நாய், நாய்க்குத் தனிக் கட்டணம் உண்டா, நாயே வராத பகுதி எது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சுவாரசியமான விஷயம், பிரிட்டனின் கேம்பிங் கிளப்களின் கதையே கூடாரத்தில்தான் ஆரம்பித்தது. 1901-ல் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையல்காரர், சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு போகும் நண்பர்களோடு தொடங்கிய சங்கம்தான் இன்றைய ‘கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்’.

ஆட்டுமந்தை பக்கத்தில் இருந்தால்?

பிரிட்டனில் கேம்ப்சைட் என்றால் பெரும்பாலும் பண்ணை நிலம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் மேயும். இங்கேதான் பாசமான வீட்டு நாய்க்கும் விவசாயிக்கும் மோதல் வருகிறது.

நாய் கடிக்கணும் என்றில்லை. துரத்தினாலே போதும். சினை ஆடு பயந்து ஓடினால் குட்டி கலைந்துவிடும். கால்நடையைத் துரத்தும் நாயைத் தடுக்க வேறு வழியே இல்லை என்ற நிலையில் விவசாயி அதைச் சுட்டுவிட்டால், 1971-ம் ஆண்டின் விலங்குகள் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. சுட்டதை 48 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லணும். ஸ்காட்லாந்தில் 2021-ல் வந்த திருத்தச் சட்டப்படி, நாயின் உரிமையாளருக்கு 40,000 பவுண்டு வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

இங்கிலாந்தில் பொதுமக்கள் நடக்க அனுமதிக்கப்பட்ட திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேல் போகாத லீஷில்தான் கூட்டிப்போக வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக இந்த ஏற்பாடு. கால்நடை பக்கத்தில் இருந்தால் வருஷம் முழுக்கவே லீஷ் கட்டாயம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விதி தலைகீழ். பசு மாடுகள் நாயைப் பார்த்துத் துரத்திக்கொண்டு வந்தால், லீஷை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய் மேல்தான். நாய் ஓடித் தப்பித்துவிடும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் மிதிபடுவார். கன்றோடு நிற்கும் பசுக்களைத் தாண்டிப் போகாமல் சுற்றிப் போவது இன்னும் நல்லது.

உண்ணி, பாம்பு, பாசி: எது ஆபத்து?

• உண்ணி: புல்லிலும் புதரிலும் ஒட்டும். இதன் மூலம் லைம் நோய் மனிதருக்கும் நாய்க்கும் வரலாம். தினமும் சாயங்காலம் காது, அக்குள், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பாருங்கள். கொக்கி மாதிரி ஒரு சின்னக் கருவி மலிவாகக் கிடைக்கும், அதை வைத்துத் திருகி எடுக்கணும். கையால் நசுக்கக் கூடாது.

• விரியன்: பிரிட்டனில் இயற்கையாக வாழும் ஒரே விஷப்பாம்பு ‘ஆடர்’ என்ற விரியன் வகை. வெயில் காலத்தில் பாறை மேலும் புல்வெளி ஓரத்திலும் படுத்திருக்கும். கடித்தால் நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடணும்.

• நீலப்பச்சைப் பாசி: கோடையில் ஏரிகளில் பெயின்ட் கொட்டியது மாதிரி படரும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய் சில மணி நேரத்தில் இறந்துபோகலாம். மாற்று மருந்து கிடையாது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

• மிட்ஜ்: ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் கோடையில் மொய்க்கும் குட்டி ஈ. கடி ஆபத்தில்லை, ஆனால் பொறுக்க முடியாது. கூடாரத்தின் வலை நுண்ணியதாக இருக்கட்டும்.

பக்கத்துக் கால்நடை மருத்துவமனையின் விலாசத்தையும் நம்பரையும் கிளம்பும் முன்பே போனில் சேமித்துவிடுங்கள். மலைப்பகுதிகளில் பல இடங்களில் சிக்னலே இருக்காது என்பதால் ஒரு தாளிலும் எழுதி வைப்பது நல்லது.

நாய் தொலைந்துவிட்டால்?

பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம். பொது இடத்தில் கழுத்துப் பட்டையில் உரிமையாளரின் பெயர், விலாசம் இருக்கணும் என்பதும் சட்டம். ஆனால் நீங்கள் கூடாரத்தில் இருக்கும்போது வீட்டு விலாசம் இருந்து என்ன பிரயோஜனம்? செல்போன் நம்பரையும் பட்டையில் போடுங்கள். மைக்ரோசிப் பதிவில் உள்ள நம்பர் பழசா என்று கிளம்பும் முன் ஒரு தடவை சரிபாருங்கள். ராத்திரியில் ஒளிரும் பட்டை ஒன்று மாட்டினால் இருட்டில் தேட வேண்டியதில்லை.

காரில் எல்லாம் அடங்குமா?

மோட்டார்ஹோமில் எதை வேண்டுமானாலும் அள்ளிப் போட்டுக்கொண்டு போகலாம். காரில் டிக்கியை நாய் எடுத்துக்கொண்டால் கூடாரம் எங்கே போகும்? பிரிட்டனின் சாலை விதிநூலின் 57-ம் விதி, வண்டியில் நாயை பெல்ட், கூண்டு அல்லது தடுப்புக் கம்பி வைத்துக் கட்டுப்படுத்தி வைக்கச் சொல்கிறது. சாமான் மேல் நாயை உட்கார வைப்பது பிரேக் அடித்தால் ஆபத்து.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, கூரை மேல் பெட்டி. காரின் கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு, லேசான படுக்கை, துணிகளை மேலே போடுங்கள், கனமான கூடாரம் கீழே இருக்கட்டும். இன்னொன்று, சின்ன ட்ரெய்லர்.

யாருக்கு இது ஒத்துவராது?

நேர்மையாகச் சொன்னால், எல்லா நாய்க்கும் கூடாரம் சரிப்படாது. இடி, பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்குக் காற்றில் அடிக்கும் துணி நரகம். சிறுநீர் அடக்க முடியாத கிழட்டு நாயை ராத்திரி நாலு தடவை மழையில் வெளியே கூட்டிப்போக வேண்டியிருக்கும். தனியாக, மூட்டுவலியோடு இருப்பவர்களுக்கு ‘ஷிஃப்ட்’ மாற்ற ஆளில்லை.

அதற்காக காப்பகம்தான் ஒரே வழி என்று இல்லை. இடையில் பல படிகள் இருக்கின்றன:

• ட்ரெய்லர் டென்ட்: காரின் பின்னால் இழுத்துப் போய் விரிக்கும் கூடாரம். படுக்கை தரைக்கு மேலே இருக்கும்.

• சின்ன கேம்பர்வேன்: சாதாரண லைசென்ஸ் போதும், ஊருக்குள்ளும் ஓட்டலாம்.

• மரக் குடில்: நாயை அனுமதிக்கும் கேம்ப்சைட் குடில்கள் பல இடங்களில் வாடகைக்கு உண்டு. பூட்டும் கதவு திரும்பக் கிடைக்கும்.

கூரை மேல் விரிக்கும் கூடாரம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஏணியில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

மோட்டார்ஹோமை நிறுத்திவிட்டுச் சாவியை மாட்டினால் முடிந்தது. கூடாரத்துக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. ஈரத்தோடு மடித்து வைத்தால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் விரித்து, நாய் ரோமத்தைக் கூட்டி, முழுக்கக் காய்ந்த பிறகுதான் பையில் போடணும்.

மொத்தத்தில், மோட்டார்ஹோமில் இருந்து கூடாரத்துக்கு மாறுவது என்பது சாமான் மாற்றுவது மட்டும் அல்ல. அந்த வண்டியின் கதவும் சுவரும் ஹீட்டரும் செய்த வேலையை இனி நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்பதுதான் விஷயம். தோட்டத்தில் ஒரு ராத்திரி, பக்கத்து ஊரில் ஒரு ராத்திரி, பிறகு இரண்டு நாள் என்று படிப்படியாகப் போங்கள். அந்த மூன்றிலும் நாய் நிம்மதியாகத் தூங்கினால், வண்டியை விற்கும் விளம்பரத்தைத் தைரியமாகக் கொடுக்கலாம்.